தள்ளு கேன்ட்ரியும் 2 டன் செயின் பிளாக்கும்: நம்ம பக்கத்து டிராக்டர் பட்டறைக்கு வாங்கலாமா?

முதல்லயே சொல்லிடுறேன், 2 டன் தள்ளு கேன்ட்ரியும் (சக்கரம் வச்ச தூக்குச் சட்டம்) அதுல மாட்டுற கைச் செயின் பிளாக்கும் (கையால சங்கிலிய இழுத்து பாரம் தூக்குற கருவி) எங்கள மாதிரி சின்ன பட்டறைக்கு தாராளமா வாங்கலாம், குடுத்த காசுக்கு வேலை செய்யுது. ஆனா இது வந்துட்டா தூக்குற வேலை பத்திரமாயிடும்னு மட்டும் நம்பி வாங்காதீங்க. எதுல தொங்கவிடுறதுங்கிற ஒரு கேள்விக்கு தான் இது பதில். சாமான் எவ்வளவு எடை, எங்க கட்டுறது, எந்த வழியா நகருது, எங்க இறங்குது, அந்த நேரத்துல யார் எங்க நிக்கிறது, இதெல்லாம் செயின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி நாம பேசி முடிச்சிருக்கணும். அதனால பொருளப் பத்தியும் அத வச்சு நாங்க எப்படி வேலை பாக்குறோம்ங்கறதப் பத்தியும் சேத்தே எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பட்டறை வச்சிருக்கிறவங்க பொறுமையா படிங்க.

எங்க பட்டறை மன்னார்குடி பக்கம். டிராக்டர், அதுக்குப் பின்னாடி மாட்டி உழுவுற ரோட்டவேட்டர், நெல் அறுக்கிற மிஷின், எப்பவாச்சும் ரைஸ் மில் சாமான், இதெல்லாம் வரும். வேலை பாக்குறது அஞ்சு பேர். வருஷம் பூரா ஒரே மாதிரி வேலை கிடையாது, ஜூன்ல மேட்டூர் தண்ணி தொறந்து விட்டதும் உழவு வண்டி வரிசையா வரும், அப்புறம் குறுவை அறுப்பு, அதுக்கப்புறம் தை மாசி சம்பா அறுப்புன்னா ராத்திரி பகல் கிடையாது, வயல்ல மிஷின் நின்னா ஒரு ஊரே காத்துக்கிட்டு நிக்கும். அவசரம் எப்போ அதிகமோ அப்போ தான் கனமான சாமானும் அதிகமா தூக்க வேண்டியிருக்கு, இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

நம்ம பக்கம் பட்டறைங்கள்ல பாதிக்கு மேல என்ன பண்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். தகரக் கூரைய தாங்குற இரும்புச் சட்டம், அதாவது ட்ரஸ்ல ஒரு சங்கிலிய சுத்தி அதுல செயின் பிளாக்க மாட்டுறது, இல்லைன்னா வாசல்ல நிக்கிற வேப்பமரம், புளியமரம். அந்த ட்ரஸ்ஸு தகரத்தோட கனத்தையும் அடிக்கிற காத்தையும் மேல ஏறி வேலை பாக்குற ஆளையும் தாங்கத்தான் போட்டது, அதோட அடிக் கம்பில நட்ட நடுவுல ஒரு டிராக்டர் இன்ஜின தொங்கவிட்டா அந்த கம்பி அந்த இடத்துல வளையும், அதுக்கு அந்த மாதிரி பாரம் வரும்னு யாரும் கணக்கு போட்டு அத செய்யல. கிளைய பத்தி சொல்லவே வேண்டாம், உள்ள பொந்தா இருந்தா வெளிய தெரியாது. மூணாவது, சவுக்குக் கட்டை முக்காலி. போர்ல மோட்டார் ஏத்தி இறக்க அது சரிதான், நேரா மேல வந்து நேரா கீழ போகுது, காலு மூணையும் அடியில கயிறு போட்டு கட்டிட்டா வழுக்காது. ஆனா பட்டறைக்குள்ள இன்ஜின தூக்குனா அத பக்கவாட்டுல நகத்தணுமே, முக்காலில அது முடியாது, வண்டிய தான் பின்னாடி தள்ளணும், தொங்குற இன்ஜினுக்கு கீழ ஆளுங்க குனிஞ்சு வண்டி தள்ளுறது தான் எனக்கு என்னைக்குமே பிடிக்காத விஷயம்.

மடக்குற இன்ஜின் கிரேன் ஒண்ணு விக்கிறாங்களே, ஹைட்ராலிக் ஜாக்கி வச்சது, அதையும் போய் பாத்தோம். அதுல 2 டன்னு பெருசா எழுதியிருக்கும், ஆனா அந்த 2 டன்னு கைய உள்ள இழுத்து வச்சா தான். கைய வெளிய நீட்ட நீட்ட 1500, 1000, கடைசி ஓட்டைல 500 கிலோன்னு எறங்கிடும், கையிலேயே பக்கத்துல எழுதியிருப்பாங்க, வாங்குறவங்க பெரிய நம்பர மட்டும் பாத்துட்டு வந்துடுறாங்க. டிராக்டர் இன்ஜினுக்கு கை எட்டணும்னா நீட்டித்தான் ஆகணும். கார் பட்டறைக்கு அது நல்ல பொருள், எங்களுக்கு ஒத்து வரல. எலக்ட்ரிக் ஹாய்ஸ்ட் பத்தியும் யோசிச்சோம், எங்க லைன்ல சாயங்காலமானா வோல்டேஜ் படுத்துடும், பாதில சாமான் தொங்கும்போது கரண்ட் போனா எதுக்கு தலைவலின்னு கைச் செயினுக்கே வந்துட்டோம்.

கேன்ட்ரிய திருச்சி துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கடைல செய்யச் சொன்னோம். ரெண்டு பக்கமும் ஏ மாதிரி காலு, மேல ஒரு ஐ-பீம், அதுல பிளாக்க மாட்டி பக்கவாட்டுல நகத்த உருளை வச்ச ட்ராலி, அடியில நாலு சக்கரம். உள் அகலம் மூணரை மீட்டர், பீமுக்கு அடிப்பக்கம் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. முதல்ல அவங்க 150 எம்எம் பீம் போதும்னு தான் கோட்டேஷன் குடுத்தாங்க. எங்க மாமா ஒருத்தர் பாய்லர் ஃபேப்ரிகேஷன்ல ரொம்ப வருஷம் இருந்தவர், அவர்கிட்ட காட்டினேன். ஒரு பேப்பர எடுத்து கணக்கு போட்டார். 2 டன்ன மூணரை மீட்டர் பீம் நடுவுல தொங்கவிட்டா வளைக்கிற விசை 17 கிலோ நியூட்டன் மீட்டர் சொச்சம் வருது, 150 பீம்ல அதனால வர்ற அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 180 நியூட்டன் கிட்ட, இரும்புக் கட்டுமானத்துக்கான பழைய இந்திய தரம் ஐஎஸ் 800 கணக்குல சாதா இரும்புக்கு வளைவுல அதிகபட்சம் விடுறதே 165 தான். இது சும்மா அசையாம தொங்குறப்போ, வெடுக்குனு ஒரு குலுக்கல் வந்தா இன்னும் ஏறும். அதே பாரத்துக்கு 200 எம்எம் பீம் போட்டா 80-க்குள்ள நின்னுடுது. "மாப்ள, 150-ஐ போட்டா உடனே ஒடைஞ்சிடாது, ஆனா வளைஞ்சு குடுக்கும், வளைஞ்சா ட்ராலி தானா உருண்டு நடுவுக்கு வரும், நீ ஓரமா நிறுத்தணும்னு நெனைச்சா நிக்காது" அப்படின்னார். 200 பீமுக்கு மாத்தச் சொன்னோம், காசு கொஞ்சம் தான் கூடுச்சு. கேன்ட்ரி செய்யக் குடுக்குறவங்க அகலத்தையும் டன்னையும் சொல்லி பீம் கணக்க எழுதி வாங்குங்க, கணக்கு குடுக்க மாட்டேன்னு சொல்ற கடைல செய்யாதீங்க.

அவங்க வேலை நல்லா இருந்துச்சு. வெல்டிங் சீரா இருக்கு, பீமோட ரெண்டு முனைலயும் ட்ராலி வெளிய ஓடிடாம ஸ்டாப்பர் போட்டிருக்காங்க, கழட்டி மாட்ட போல்ட் ஜாயிண்ட். குறை சக்கரத்துல தான். நாலுல ரெண்டு சக்கரத்தோட லாக்கு மிதிச்சாலும் சரியா பிடிக்கல, வெறும் கேன்ட்ரியையே ஒரு ஆளு தள்ளினா நகந்துச்சு. சொன்னதும் மாத்திக் குடுத்தாங்க, ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களே பாத்திருக்கணும். லாக் மட்டும் போதாதுன்னு நாங்க தூக்குறப்பல்லாம் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஆப்பு வைக்கிறோம்.

சக்கரம்னு சொன்னதும் தரைய பத்தி சொல்லணும், ஏன்னா நம்ம மண்ணு அப்படி. ஆத்து வண்டல், களிமண்ணு, வெயில்ல பொளந்து கெடக்கும், ஐப்பசி கார்த்திகைல காலு வச்சா பொதபொதன்னு எறங்கும். 2 டன் தொங்குனா கேன்ட்ரி கனத்தையும் சேத்து அவ்வளவு பாரமும் நாலு சக்கரம் தொடுற உள்ளங்கை அளவு இடத்துல தான் எறங்குது, ட்ராலி ஒரு ஓரமா போயிட்டா ஏறக்குறைய மொத்தமும் அந்த பக்கத்து ரெண்டு சக்கரத்துக்கு தான். வாசல் மண்ணுல பலகைய போட்டு சமாளிக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, ஒரு பக்கம் ஒரு இஞ்ச் எறங்குனாலே தொங்குற சாமான் ஊசலாட ஆரம்பிக்கும். நாங்க உள்ள கம்பி கட்டி கான்கிரீட் போட்ட இடத்துல மட்டும் தான் வச்சிருக்கோம், கேன்ட்ரி நிக்கிற இடத்த சுத்தி மஞ்சள் பெயிண்ட்ல கோடு. பாரத்தோட கேன்ட்ரிய தள்ளுறது கிடையாது. ட்ராலிய மட்டும் பீம்ல நகத்துவோம், இல்லைன்னா சாமான தூக்கி நிறுத்திட்டு அடியில கை வண்டிய விட்டு அதுல எறக்குவோம்.

இனி செயின் பிளாக். பிராண்டு பேர் போடல, ஏன்னா பேர பாத்து வாங்குறத விட தகட்ட பாத்து வாங்குறது தான் முக்கியம்னு நெனைக்கிறேன். பிளாக்குல அடிச்ச தகட்டுல பாதுகாப்பா தூக்குற அளவு, சீரியல் நம்பர், ஐஎஸ் 3832, இது மூணும் இருக்கணும், ஐஎஸ் 3832 தான் கைச் செயின் பிளாக்குக்கான இந்திய தரம். கூடவே அந்த சீரியல் நம்பர் போட்ட டெஸ்ட் சர்ட்டிஃபிகேட். எங்களுக்கு கடைல முதல்ல ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்தாங்க, அதுல இருந்த நம்பரும் பிளாக்குல இருந்த நம்பரும் வேற, சொல்லி சரியானத வாங்கினோம். கொக்கிங்க ரெண்டுலயும் ஸ்பிரிங் நாக்கு இருக்கணும், அது ஒடைஞ்சிருந்தா மாத்துற வரைக்கும் அந்த பிளாக்க தொடக்கூடாது.

உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா எத பண்ணக்கூடாதுன்னு தானா புரியும். உள்ள இருக்கிறது வெஸ்டன் பிரேக்குன்னு சொல்ற வகை. ரெண்டு உராய்வுத் தட்டுக்கு நடுவுல ஒரு பல்சக்கரம், அதுல ஒரு நாக்கு விழும். நாம கைச் செயின இழுக்கிறப்போ மரை முறுகி தட்டு ரெண்டும் பல்சக்கரத்த நெருக்கிப் பிடிக்கும், கைய விட்டதும் தொங்குற பாரமே திரும்பி சுத்தப் பாத்து தட்ட இன்னும் இறுக்கிடும், நாக்கு பல்லுல விழுந்து நிறுத்திடும். பாரம் கூடினா பிடியும் கூடும், அது தான் அதோட அழகு. மேல தூக்கும்போது வர்ற டக் டக் சத்தம் அந்த நாக்கு தான், எறக்கும்போது அந்த சத்தம் வராது. தூக்குறப்போ சத்தம் கேக்கலைன்னா உடனே நிறுத்திடுங்க. அதே மாதிரி, செயினுக்கு எண்ணெய் விடணும், பிரேக் தட்டுக்கு ஒரு சொட்டு கூட படக்கூடாது, உராய்வுல தான் மொத்த பாரமும் நிக்குது. நம்ம பசங்க எத பாத்தாலும் பழைய இன்ஜின் ஆயில எடுத்து மேலேர்ந்து ஊத்துறாங்க, இத பட்டறைல இருக்குற ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லி வைங்க.

கைச் செயின ஒரு ஆளு தான் இழுக்கணும். இது எங்க மூத்த மேஸ்திரி அண்ணன் போட்ட சட்டம், கம்பெனி புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு. 2 டன் பிளாக்குல முழு பாரத்துக்கும் சுமார் முப்பது நாப்பது கிலோ இழுப்பு போதும், ஒருத்தர் இழுத்து வரலைன்னா ஒண்ணு பாரம் கூட, இல்லைன்னா சாமான் எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டு பேர் தொங்கி இழுத்தா என்ன ஆகும்னா, கழட்டாம விட்ட ஒரு போல்டோ ஒரு டீசல் பைப்போ பிச்சுக்கிட்டு வரும், அந்த நொடி சாமான் துள்ளும், அந்த துள்ளல்ல வர்ற பாரத்த எந்த தகட்டுலயும் எழுதல. வரலைன்னா செயின விட்டுட்டு சுத்தி வந்து பாக்கணும். இன்ஜின் மவுண்டிங், பெல் ஹவுசிங் போல்டு, வயரு, ஆக்சிலரேட்டர் கம்பி, ஒண்ணு கண்டிப்பா மிச்சம் இருக்கும்.

எங்க பிளாக்கு ரெண்டு மடிப்பு செயின், அதாவது கீழ் கொக்கில ஒரு உருளை இருக்கு, செயின் போய் திரும்பி வரும். இந்த வகைல ஒரு தொல்லை, கீழ் கொக்கி செயினுக்கு நடுவுல புகுந்து ஒரு தடவ பொரண்டுட்டா செயின் முறுக்கிக்கும், பாக்க சரியா இருக்கிற மாதிரியே தெரியும், வளையம் வளையமா வெல்ட் ஒரே பக்கம் நேரா வருதான்னு பாத்தா தான் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் மாட்டுறதுக்கு முன்னாடி இத பாக்குறது எங்க வழக்கம். வேகம் எதிர்பாக்காதீங்க, சாமான் கொஞ்சமா ஏற கைச் செயின நிறைய இழுக்கணும், எனக்கு அது குறையா தெரியல, மெதுவா போனா யோசிக்க நேரம் கிடைக்குது.

எடை. இத தான் நம்மாளுங்க குத்துமதிப்பா சொல்லி விட்டுடுறாங்க. போன சீசன்ல ரோட்டவேட்டர் கொண்டுவந்த பெரியவர், "தம்பி, அது என்ன முன்னூறு கிலோ இருக்கும், சும்மா தூக்குங்க"ன்னார். கூண்டுக்குள்ள, பிளேடுக்கு நடுவுல, எல்லாம் ஈரக் களிமண்ணு அப்பிக்கிட்டு இருந்துச்சு. எங்க மேஸ்திரி, "ஐயா, கோச்சுக்காதீங்க, கழுவிட்டு தான் தூக்குவோம், அதுவரைக்கும் நீங்க அந்த மஞ்ச கோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காருங்க, டீ சொல்றேன்"னு சொல்லி அவர வெளிய அனுப்பிட்டார். ரோட்டவேட்டரோ கியர் பாக்ஸோ எதுவா இருந்தாலும் புத்தகத்துல, தகட்டுல எடை இருக்கும், முதல்ல அத பாருங்க. இல்லைன்னா வே பிரிட்ஜ், நம்ம ஊர்ல நெல்லு எடை போட எங்க பாத்தாலும் இருக்கு, சாமானோட வண்டிய ஒரு தடவ, சாமான் இல்லாம ஒரு தடவ நிறுத்தினா முடிஞ்சது. பெரிய வே பிரிட்ஜ்ல சின்ன எடை பத்து இருவது கிலோ முன்ன பின்ன காட்டும், நமக்கு அது போதும். வெறும் இரும்புன்னா கணக்கே போடலாம், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் 10 எம்எம் தகடு 78.5 கிலோ, உருண்டைக் கம்பின்னா விட்டத்த எம்எம்ல எடுத்து அதையே அதால பெருக்கி 162-ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும், கட்டட மேஸ்திரிங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு தான். நாங்க அடிக்கடி வர்ற சாமான்களோட எடைய செவுத்துல பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கோம், புதுசா ஒண்ணு தெரிஞ்சா சேத்துக்குவோம்.

எடை தெரிஞ்சா பாதி தான், அது எந்தப் பக்கம் கனம்னு தெரியணும். ரோட்டவேட்டர்ல சைடு கியர் இருக்கிற பக்கம் கனம், அளவெடுத்து நட்ட நடுவுல கட்டினா அந்தப் பக்கம் சாயும். அதனால எது தூக்கினாலும் முதல்ல ஒரு சாண் தான், அதுக்கு மேல கிடையாது. ஒரு சாண் தூக்கி நிறுத்தி, சாயுதா, சாமான கட்டுன பெல்ட் நழுவுதா, பிரேக் பிடிச்சு நிக்குதான்னு பாத்துட்டு, சாஞ்சா எறக்கி மறுபடி கட்டுறது. சீசன்ல எவ்வளவு அவசரமா இருந்தாலும் இந்த ஒரு சாணை விட்டதில்ல.

சாமான கட்டுற பெல்ட் ஸ்லிங்கும், அத இணைக்கிற பின்னு வச்ச இரும்பு வளையம் ஷாக்கிளும் தனியா வாங்கணும், கேன்ட்ரி கூட வராது, பட்ஜெட்ல இதையும் சேத்துக்குங்க. பெல்ட் ஸ்லிங்குக்கு நெறம் உண்டு, ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். நெறத்த மட்டும் நம்பாம தச்ச லேபிளையும் பாருங்க, லேபிள் கிழிஞ்சு போன பெல்ட் எங்க பட்டறைல தூக்குறதுக்கு கிடையாது. சுருக்கு போட்டு மாட்டினா அதோட பலத்துல அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிடும். முடிச்சு போடவே கூடாது. கூர்மையான தகட்டு ஓரம் பெல்ட்ட பிளேடு மாதிரி அறுக்கும், பழைய கன்வேயர் பெல்ட்ட துண்டா வெட்டி ஓரத்துல வச்சு தான் கட்டுறோம். வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழுந்த பெல்ட்ட ரெண்டா வெட்டித்தான் குப்பைல போடணும், முழுசா போட்டா சாயங்காலம் யாராச்சும் எடுத்து மாட்டிடுவாங்க. ஷாக்கிள் பின்னு தொலைஞ்சா சாதா போல்ட்ட மாட்டுறது நம்ம பக்கம் ரொம்ப சகஜம், தயவு செஞ்சு நிறுத்துங்க, அந்த போல்ட்டு அந்த வெட்டு விசைக்கு செஞ்சது இல்ல.

கோணம் தான் எல்லாத்தையும் விட முக்கியம், அதனால நிதானமா சொல்றேன். ஒரு சாமான ரெண்டு பக்கமும் கட்டி ஒரே கொக்கில மாட்டுறோம்னு வைங்க. 1000 கிலோன்னா ஆளுக்கு 500-ன்னு தான் தோணும், பெல்ட் ரெண்டும் நேர் செங்குத்தா இருந்தா தான் அது. தரைல இருந்து பெல்ட்டோட சாய்வு 60 டிகிரின்னா ஒவ்வொண்ணுலயும் 577 கிலோ, 45-னா 707, 30 டிகிரிக்கு சாஞ்சிட்டா ஒவ்வொரு பெல்ட்லயும் முழுசா 1000. குட்டையான பெல்ட்ட போட்டு பரப்பி கட்டக் கட்ட இழுவிசை ஏறிக்கிட்டே போகும், சாமானையும் ரெண்டு பக்கத்துல இருந்து உள்ள நசுக்கும். பட்டறைல யாரு டிகிரி அளக்குறது, அதுக்கு ஒரு வழி இருக்கு, சாமான்ல கட்டுற ரெண்டு இடத்துக்கு நடுவுல உள்ள தூரத்த பெல்ட்டாலயே அளங்க, அந்த இடத்துல இருந்து கொக்கி வரைக்கும் உள்ள பெல்ட் நீளம் அந்த தூரத்துக்கு சமமா இருந்தா சரியா 60 டிகிரி, அதவிட நீளமா இருந்தா இன்னும் நல்லது, குட்டையா இருந்தா மாட்டாதீங்க.

இங்க தான் கேன்ட்ரியோட பெரிய குறை வருது, உயரம். பெல்ட் நீளமா வேணும்னா உயரமும் வேணும். பீமுக்கு அடியில மூணரை மீட்டர்னு சொன்னேன்ல, ட்ராலியும் பிளாக்கும் முழுசா சுருங்கினாலும் அரை மீட்டருக்கு மேல தின்னுடும், பெல்ட் முக்கோணம் ஒரு முக்கா மீட்டர், அதுக்கு கீழ சாமானோட உயரம், மிச்சம் இருக்கிறது தான் நமக்கு தூக்க கிடைக்கிறது. டிராக்டர் இன்ஜின், கியர் பாக்ஸ், ரோட்டவேட்டர், அறுக்கிற மிஷின்ல கதிர அறுக்கிற முன் பாகமான ஹெட்டர், சக்கரத்துக்கு பதிலா ரப்பர் பெல்ட்டுல ஓடுற வண்டியோட டிராக் உருளைங்க, இதுக்கெல்லாம் தாராளம். ஆனா அறுக்கிற மிஷின்ல மேல் தட்டுல உக்காந்திருக்கிற இன்ஜின எடுக்க இது உதவாது, வண்டியே கேன்ட்ரிக்கு அடியில நுழையாது. அதுக்கு நாங்க இப்பவும் ஹைட்ரா, அதாவது சாமான தூக்கிக்கிட்டே நகர்ற கிரேன் வண்டிய தான் கூப்பிடுறோம். ஹைட்ரா வந்தா ஒண்ணு கவனிங்க, சாமான தொங்கவிட்டுக்கிட்டே வண்டி நகரும்போது ஆடாம இருக்க ஒரு பையன முன்னாடி பிடிச்சுக்கிட்டு நடக்க விடுவாங்க, அவன் கால் தடுக்கினா வண்டி அவன் மேல தான் ஏறும். நீளமா கயிறு கட்டி பக்கவாட்டுல தள்ளி நின்னு பிடிக்கச் சொல்லுங்க.

டிராக்டர ரெண்டா பிரிக்கிற வேலைக்கு கேன்ட்ரி வந்தது எங்களுக்கு பெரிய நிம்மதி. கிளட்ச் தட்டு மாத்த இன்ஜின் பக்கத்தையும் கியர் பாக்ஸ் பக்கத்தையும் பிரிச்சு முன் பாதிய நகத்தணும். இதுல புதுசா வர்ற பசங்களுக்கு தெரியாத ஒண்ணு, முன் அச்சு நடுவுல ஒரு பின்னுல ஆடுற மாதிரி இருக்கு, வரப்புல ஏறி எறங்க அப்படி வச்சிருக்காங்க. பின் பாதிய பிரிச்சதும் இன்ஜின் அந்த பின்னுல பக்கவாட்டுல சாய பாக்கும். பிரிக்கிறதுக்கு முன்னாடியே அச்சுக்கும் மேல் தாங்கிக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்கணும், நாங்க பூவரசங்கட்டைல செஞ்சு வச்சிருக்கோம். முன்னாடி தொங்குற வார்ப்பிரும்பு வெயிட்ட கழட்டிடணும், பேட்டரி வயர எடுத்துடணும். பிரிச்சு நகத்தினதும் செயின்லயே விட்டுட்டு உள்ள கைய விடுறது கிடையாது, ரெண்டு பாதிக்கும் அடியில ஸ்டாண்டும் கட்டையும் குடுத்து பாரத்த அதுல எறக்கிட்டு தான் கிளட்ச் பக்கம் போறது. ராத்திரி பூரா தொங்கவிட்டுட்டு வீட்டுக்கு போற பழக்கமும் வேண்டாம்.

தூக்குறதுக்கு முன்னாடி செவுத்துல இருக்கிற கரும்பலகைல மேஸ்திரி எழுதுவார், சாமான், எடை, எதால கட்டுறோம், எங்க எறக்குறோம், சொல்றது யாரு. கடைசி தான் முக்கியம், தூக்கு எறக்குன்னு சொல்ற வாய் ஒண்ணே ஒண்ணு தான் இருக்கணும், நிறுத்துன்னு மட்டும் யாரு வேணா சொல்லலாம், டீ கொண்டு வர்ற பையன் சொன்னாலும் நிறுத்தணும். எறக்குற இடத்துல கட்டைய போட்டு வச்சிட்டு தான் தூக்க ஆரம்பிப்போம், தொங்கவிட்டுட்டு கட்டைய தேடி ஓடுறது இல்ல.

பரிசோதனை பத்தி. 2025 நவம்பர் வரைக்கும் நடப்புல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆம் பிரிவுல, தூக்குற மிஷின், சங்கிலி, கயிறு எல்லாத்தையும் 12 மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் தகுதியுள்ள ஆள வச்சு முழுசா சோதிச்சு பதிவேட்டுல எழுதணும், தாங்குற அளவ அது மேலயே தெளிவா குறிச்சிருக்கணும்னு வச்சிருந்தாங்க. பவர் வச்சு 10 பேர் வேலை பாத்தா தான் தொழிற்சாலைங்கிறது அந்த சட்டத்தோட வரையறையா இருந்துச்சு, அஞ்சு பேர் இருக்கிற பட்டறை அதுல வரல. ஆனா செயினுக்கு எத்தன பேர் வேலை பாக்குறாங்கன்னு தெரியாது இல்லையா, அதனால நாங்களும் திருச்சில இருந்து ஆள கூப்பிட்டு வருஷா வருஷம் பாக்குறோம். வந்தவர் வெர்னியர் வச்சு வளையம் வளையமா தேய்மானம் பாத்தார், கொக்கி வாய அளந்து எழுதி வச்சார், அடுத்த வருஷம் அந்த நம்பரோட ஒப்பிட்டு விரிஞ்சிருக்கான்னு பாக்க. செலவு ஒரு டயர் விலைக்கு கீழ தான். கேன்ட்ரி வந்த புதுசுல எடை தெரிஞ்ச இரும்பு தகடுகள அடுக்கி 2500 கிலோ, அதாவது 2 டன்னுக்கு கால்பங்கு கூட வச்சு, ஒரு சாண் தூக்கி நிறுத்தி, பீம் எவ்வளவு வளையுது, எறக்கினதும் பழையபடி நேராகுதான்னு நூல் கட்டி பாத்தோம். அது கேன்ட்ரிக்கான சோதனை, அதுக்கு வேற பெரிய பிளாக்கு வாடகைக்கு எடுத்தோம், நம்ம 2 டன் பிளாக்க அதுக்கு மேல இழுக்க வைக்கல.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் பட்டறை வச்சிருக்கிறவங்க உப்புக் காத்துக்கு செயின இன்னும் அடிக்கடி தொடைச்சு எண்ணெய் போடணும், எங்க ஊருக்கே மழைக்காலத்துல ஒரு வாரம் விட்டா செம்மண் நெறத்துல துரு பிடிச்சிடுது. பெல்ட்டுங்கள டீசல், ஆசிட், வெயில் படாம உள்ள ஆணில தொங்க விடுங்க.

5-க்கு 4 குடுப்பேன், சக்கர லாக்குக்கும் உயரத்துக்கும் ஒண்ணு கொறைச்சுக்கிட்டேன். டிராக்டர், ரோட்டவேட்டர் வேலை அதிகமா இருக்கிற பட்டறைக்கு இது நல்ல பொருள். அறுக்கிற மிஷின் இன்ஜின் மட்டுமே பாக்குறவங்க இன்னும் உயரமா நிலையா நிக்கிற கேன்ட்ரிக்கு இடமும் அஸ்திவாரமும் யோசிச்சுக்குங்க, இந்த தள்ளு வகை அதுக்கு ஆகாது. ஆர்டர் குடுக்கிறப்போ பீம் கணக்கு, பீமோட ரெண்டு பக்கமும் 2 டன்னு பெருசா பெயிண்ட்ல எழுதுறது, முனை ஸ்டாப்பர், நாலு சக்கரத்துக்கும் லாக், பிளாக் சீரியல் நம்பரோட டெஸ்ட் சர்ட்டிஃபிகேட், இது எல்லாத்தையும் கோட்டேஷன்லயே எழுதச் சொல்லுங்க, லாக்க மிதிச்சு தள்ளிப் பாத்துட்டு மிச்சப் பணத்த குடுங்க.